வளையத்தில் ஒளிந்திருந்த இரண்டு எழுத்து

போன புதன்கிழமை, சட்டபீட விரிவுரை நடந்துகொண்டிருந்தபோது, சாந்தினி அக்காவிடமிருந்து ஐந்து மிஸ்ட் கோல்கள். ஆறாவது வந்ததும் வெளியே ஓடினேன்.

"எடியே, நான் மெடலை மாத்திப்போட்டனாம்!"

"என்ன மெடல் அக்கா?"

"அந்த ஜெர்மன்காரன்ரை சிலுவை. கண்ணாடி அலுமாரிக்கை நடுவிலை இருக்குமே, அது! உண்மையானதை எடுத்துக்கொண்டு, டூப் ஒண்டை வைச்சிட்டனாம். சிஞ்ஞோராவின்ரை மருமகன் இஞ்சை நிண்டு கத்துறார்."

கைப்பேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நான் விசா பெர்மெஸ்ஸோ அலுவலாய்க் கொஸ்தூராப் பொலிசுக்கு அலைஞ்ச மூண்டு நாளும் நீதானே எனக்குப் பதிலா அங்கை நிண்டனி. ஆரும் வந்தவையோ?"

"ஆரும் வரேல்லை அக்கா."

உண்மை. ஒருவரும் வரவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல், கேட்காத கேள்விக்கு வாய் திறக்காதே — விவாத மேடை எனக்குக் கற்பித்த முதல் பாடம் அது. அதை இவ்வளவு துப்புரவாக நான் ஒருநாளும் கடைப்பிடித்ததில்லை.

கேட்காத கேள்வி இதுதான்: அந்தச் சிலுவையை நீ என்ன செய்தாய்?

பதில்: புளி போட்டுத் தேய்த்தேன்.

சற்றுப் பொறுங்கள். தீர்ப்பெழுதும் முன் வழக்கைக் கேளுங்கள்.

சாந்தினி அக்கா வன்னியிலிருந்து வந்தவர். இந்த இத்தாலிய நகரத்தின் போர்கோ வெக்கியோப் பகுதியில் எங்கள் வீட்டுக்கு நேர்மேல் மாடியில் இருக்கிறார். வேலை லிபெர்த்தா வீதியில் — எண்பதைத் தாண்டிய, பார்வை மங்கிய ஓர் இத்தாலிய அம்மாவை, எங்கள் பேச்சில் சிஞ்ஞோராவை, பராமரிப்பது. ஏழு ஆண்டுகளாக அதே வீடு.

சிஞ்ஞோராவின் கணவர் பல் வைத்தியராக இருந்து காலமானவர். பல் பிடுங்காத நேரங்களில் அவர் முதலாம் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் பதக்கங்களைச் சேர்த்தார். வீரத்தின்மேல் மோகமா? இல்லையாம். "எவன் அணிந்தான் என்று அவர் கேட்டதே இல்லை. எவன் செய்தான் என்றுதான் கேட்பார்" என்று சிஞ்ஞோரா ஒருமுறை சொன்னார்.

பதக்கம் செய்த பட்டறை, தன் அடையாளத்தை எங்கேனும் ஒரு மூலையில் பொறித்திருக்கும். ஓர் எழுத்து, ஓர் எண், ஒரு சின்ன முத்திரை. பின்பக்க ஊசியில் இருக்கலாம், நாடா கோக்கும் வளையத்தில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அரிசியில் பாதிகூட வராத அந்தப் பொறிப்பைத் தேடி, பல்லில் ஓட்டை தேடிய அதே கண்களால் மனிதர் தன் மாலைப்பொழுதுகளைக் கழித்திருக்கிறார். கண்டதையெல்லாம் ஓர் ஏட்டில் வரைந்தும் எழுதியும் வைத்திருக்கிறார்.

அந்த ஏடு இருப்பது எனக்குத் தெரியும். திறந்து பார்க்கவேண்டும் என்றுதான் தோன்றவில்லை.

நான் அங்கே நின்ற மூன்றாம் நாள், சரஸ்வதி பூசைக்கு முதல் நாள். காலையில் எங்கள் வீட்டுக் குத்துவிளக்கையும் செம்பையும் தட்டத்தையும் புளி போட்டு மினுக்கிவிட்டு, அதே கையோடுதான் லிபெர்த்தாவுக்குப் போயிருந்தேன். "ஞாயிற்றுக்கிழமை விருந்தினர் வருகிறார்கள், அந்த அலுமாரியைக் கொஞ்சம் தூசு தட்டிவிடு" என்றார் சிஞ்ஞோரா. தட்டினேன். அத்துடன் நிறுத்தியிருக்கவேண்டும்.

நடுத் தட்டில் அந்த இரும்புச் சிலுவை. மனிதருக்கு மிகப் பிடித்தது அதுதானாம். ஆனால் கோலத்தைப் பாருங்கள் — வெள்ளி விளிம்பு கறுத்து, கறுப்பு வெள்ளை நாடா பழுப்பேறி, புகைபோக்கிக்குள்ளிருந்து எடுத்ததுபோல. சமையலறைத் தட்டில் அக்கா தன் ரசத்துக்கென்று வைத்திருக்கும் புளிப் போத்தல். பூசைக்கு முதல் நாள், ஒரு தமிழ்ப் பெண், எட்டும் தூரத்தில் புளி, கண்முன்னே கறுத்த உலோகம்... நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

நாடாவையும் வளையத்தையும் சேர்த்து ஒரு தடித்த நூல் சுற்றியிருந்தது. வெட்டினேன். நாடாவை ஷாம்பூவில் அலசினேன். சிலுவையின் விளிம்பையும் வளையத்தையும் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். பிறகு சிஞ்ஞோராவின் பிஸ்கட் டின்னில் — எல்லா வீட்டிலும்போல அதற்குள்ளே பிஸ்கட் இல்லை, ஊசியும் நூலும்தான் — பழைய நூலை வைத்து நிறம் பார்த்து, கிட்டத்தட்டப் பொருந்திய ஒன்றால் திரும்பத் தைத்தேன். அம்மா பழக்கிய தையல், பிசிறில்லாமல்.

மாலை வெயிலில் அது மின்னியது. எனக்கோ பெருமை. யாரிடமும் சொல்லவில்லை, விருந்தினர்களே கண்டு வியக்கட்டும் என்று விட்டுவிட்டேன். விருந்தினர்கள் பாஸ்தாவை வியந்துவிட்டுப் போனார்கள். இரண்டு வாரம் கழித்து வந்த மருமகன்தான் வியந்தார் — வேறுவிதமாக.

மருமகன் என்றால், காலமானவரின் தங்கை மகன். தொழில் வழக்கறிஞர்; இத்தாலிய மொழியில் அவ்வொகாத்தோ. சனிக்கிழமைக்குள் உண்மையான சிலுவை அலுமாரிக்கு வரவேண்டும். வராவிட்டால் அக்காவின் வேலை ஒப்பந்தம் முடியும், அவர் கரபினியேரிப் பொலிசிடம் போவார் என்பது அவருடைய நிபந்தனை. அக்காவின் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவின் புதுப்பிப்போ, அந்த ஒப்பந்தத்தின் பிரதியைச் சுமந்துகொண்டு கொஸ்தூராவில் ஏதோவொரு மேசையில் கிடக்கிறது. ஒப்பந்தம் போனால் எதெது போகும் என்பதை இந்த ஊர்த் தமிழருக்கு நான் விரித்துரைக்கத் தேவையில்லை.

அப்படியானால் உடனே மேலே ஏறிப்போய், "அக்கா, அது நான்" என்று சொல்லியிருக்கலாமே?

இருக்கலாம்.

ஆனால் எனக்குள்ளே இருக்கும் விவாதி என்ன சொன்னாள் தெரியுமா? அது அதே சிலுவைதானே! அதே சிலுவை என்று நிறுவிவிட்டால் குற்றமே இல்லை. குற்றமே இல்லாத இடத்தில் யார் தேய்த்தார் என்ற கேள்வி எதற்கு? அடடா... எவ்வளவு அழகான வாதம். எவ்வளவு கோழைத்தனமான வாதம்.

வியாழக்கிழமை தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள பழம்பொருள் சந்தைக்குப் போனேன். பதக்கங்கள் பரப்பியிருந்த கடையில் என் வயதொத்த ஒரு பெண், சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். அக்கா எடுத்தனுப்பிய போட்டோவைக் காட்டினேன்.

அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். கொறிப்பது நின்றது. "இதை யார் தேய்த்தது?"

"தெரியாது."

"தெரிந்தால் கூட்டிக்கொண்டு வா. கையை வெட்டவேண்டும். நூறு வருடக் கறுப்பு! அதைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது."

வெட்டப்படவேண்டிய கையை மெதுவாக ஜாக்கெட் பைக்குள் நுழைத்துக்கொண்டேன்.

"சரி, வளையத்தில் ஏதோ தெரிகிறதே" என்றாள். "பட்டறை மார்க்."

அப்போதுதான் நானும் பார்த்தேன். வளையத்தின் சரிவில், கோடு கிழித்ததுபோல இரண்டு எழுத்து, நடுவில் ஒரு புள்ளி. தேய்த்தபோது என் கண்ணில் படவே இல்லை.

"மார்க் இருந்தால் உண்மையானதுதானே?" என்றேன் ஆவலாக.

அவள் சிரித்த சிரிப்பில் ஒரு விதை பறந்தது. "எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால்தான் போலி செய்கிறவன் முதல் வேலையாக மார்க்கைப் போடுகிறான். நல்ல சிலுவைகள் பலவற்றில் மார்க்கே கிடையாது. எழுத்து இருக்கிறதா என்று பார்க்காதே. எழுத்து எப்படி இறங்கியிருக்கிறது என்று பார். அச்சை வைத்து அடித்திருந்தால் ஓரம் கூராக, அடி தட்டையாக இருக்கும். வார்ப்பில் வந்திருந்தால் நாலு தரம் குளித்த சவர்க்காரத்து எழுத்துமாதிரி மழுங்கியிருக்கும்."

பிறகு இன்னொன்றும் சொன்னாள். இந்தச் சிலுவையின் நடு, கறுப்பு இரும்பு. அதை இரண்டு வெள்ளிச் சட்டங்கள் சாண்ட்விச்போலப் பிடித்திருக்கும். காந்தம் வைத்தால் நடு ஒட்டும், விளிம்பு ஒட்டாது. ஒரு சின்னப் பூதக்கண்ணாடியை இரவலாகத் தந்து, "கையை வெட்டும்போது எனக்கும் சொல்லு" என்று வழியனுப்பினாள்.

இரண்டு நாள் உழைத்தேன். பன்னிரண்டு நிமிட உரை, இத்தாலிய மொழியில், மூன்று வாதங்கள், ஒவ்வொன்றுக்கும் ஏற்ற இறக்கம். கண்ணாடி முன்னே நின்று கையசைவுகூடப் பார்த்துக்கொண்டேன். மேல்மாடியில் அக்கா நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அறைக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

சனிக்கிழமை. சிஞ்ஞோராவின் கூடம். மேசைமேல் சிலுவை, அதன் பக்கத்தில் பல் வைத்தியரின் ஏடு. ஒரு பக்கம் அவ்வொகாத்தோ. எதிரே நானும் அக்காவும். நடுவில் சிஞ்ஞோரா, நடுவரைப்போல.

எழுந்து நின்றேன். எல்லோரும் இருந்துகொண்டு பேசும் இடத்தில் நான் மட்டும் எழுந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த எலுமிச்சம்பழக் காந்தத்தை எடுத்துவந்து சிலுவையின் நடுவில் வைத்தேன், பிடித்துக்கொண்டது. விளிம்பில் வைத்தேன்; விழுந்தது. பூதக்கண்ணாடியை நீட்டினேன். "பாருங்கள், எழுத்தின் ஓரம் கூர்மை! பாருங்கள், அடி தட்டை! இது வார்த்த போலி அன்று, அச்சடித்த உண்மை!"

"நல்லாய்த்தான் கதைக்கிறாள்" என்று அக்கா தமிழில் முணுமுணுத்தார். முகத்தில் மூன்று நாளில் முதல் வெளிச்சம்.

அவ்வொகாத்தோ பொறுமையாகப் பார்த்து முடித்தார். "ஒப்புக்கொள்கிறேன்" என்றார்.

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு மூச்சு நேரம்.

"இது உண்மையான சிலுவை. ஆனால் என் மாமாவின் சிலுவையா?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. "இப்படிப்பட்ட சிலுவைகள் எக்கச்சக்கமாகச் செய்யப்பட்டவை. நல்லதை எடுத்துவிட்டு, சாதாரணமான உண்மை ஒன்றை வைக்கலாம். மாமாவுடையது கறுத்திருந்தது, இது மின்னுகிறது. மாமாவின் ஏட்டில், மார்க் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது, அதாவது இல்லை. இதில் மார்க் இருக்கிறது. மாமாவுடையதில் நாடாவைத் தடித்த நூல் சுற்றியிருந்தது. இதில் வேறு நூல், வேறு தையல். சொல்லுங்கள், இந்தத் தையலைப் போட்டது யார்?"

வாசகர்களே, ஒரு விவாதியாகச் சொல்கிறேன்: அது மிக அருமையான வாதம். மூன்று கால்களில் உறுதியாக நின்றது. மூன்று கால்களையும் செய்துகொடுத்தவள் நான்.

அக்கா குனிந்து நாடாவைப் பார்த்தார். சரிவாக, நெருக்கமாக, ஒரே அளவில் ஓடிய அந்தச் சின்னத் தையலைப் பார்த்தார்.

"இது சீலைக்கரைக்கு அடிக்கிற தையலெல்லோ..." என்றார் தமிழில், தனக்குத்தானே.

பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். விளங்கிவிட்டது அவருக்கு. எல்லாமே விளங்கிவிட்டது.

"என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார் அவ்வொகாத்தோ.

அக்கா இத்தாலிய மொழியில் சொன்னார்: "ஒன்றுமில்லை. எனக்குத் தெரியாது."

ஏழு வருட வேலை மேசைமேல் கிடக்கிறது. ஒரு விரலை என் பக்கம் நீட்டினால் போதும். நீட்டவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

என் உரையில் இன்னும் நான்கு நிமிடம் மிச்சமிருந்தது. அதில் ஒரு சொல்கூட நினைவில் இல்லை.

"நான்தான் செய்தேன்" என்றேன்.

நான் பேசியவற்றுள் மிகக் குறுகிய உரை அது. யாரும் மணியடித்து நிறுத்தவேண்டி வரவில்லை.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன் — பூசை, புளி, ஷாம்பூ, பல்துலக்கி. அவ்வொகாத்தோவின் கண்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் விரிந்தன. "புளியா?" என்று இரண்டு தரம் கேட்டார். திருட்டைக்கூட அவர் இவ்வளவு அதிர்ச்சியோடு கேட்கவில்லை. முடித்ததும், "நண்பியைக் காப்பாற்ற நல்ல கதை. ஆதாரம்?" என்றார்.

அப்போதுதான் பிஸ்கட் டின் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் எடுத்துவந்தேன். நிறம் பார்த்த பழைய நூல், பொத்தான்களுக்கு நடுவே அப்படியே கிடந்தது. ஆண்டுக்கணக்காகச் சுற்றியிருந்த சுருள் மாறவில்லை; கம்பிச்சுருள்போல விறைத்து, ஒரு முனையில் முடிச்சோடு.

சிஞ்ஞோரா கையை நீட்டினார். பார்வை மங்கியவரல்லவா, விரல் நுனியால் எண்ணினார். "ஐந்து சுற்று" என்றார். "இடப்பக்கம் முடிச்சு. ஏட்டைப் பார்."

அவ்வொகாத்தோ பக்கத்தைப் புரட்டினார். பல் வைத்தியர் அந்த நூலைக்கூட விட்டுவைக்கவில்லை, பென்சிலால் வரைந்திருந்தார். ஐந்து சுற்று. இடப்பக்கம் முடிச்சு. பக்கத்தில் இரண்டு சொல், அடியில் இரண்டு கோடு: வெட்டக் கூடாது.

அவ்வொகாத்தோ நூலை வாங்கி அந்தப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தார்.

"இதுதான் மாமாவின் சிலுவை" என்றார் அவ்வொகாத்தோ கடைசியில். எழுந்தார். அக்காவின் முன்னே போய் நின்று, சட்டைக் கொலரைச் சரிசெய்தார். சரியாக இருந்த கொலர். "சிஞ்ஞோரா சாந்தினி, நான் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றார். ஏழு ஆண்டில் அவர் அக்காவைப் பெயர் சொல்லி அழைத்தது அதுவே முதல்முறை. அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். தொழில் விடவில்லை. "சிஞ்ஞோரா, ஒருவகையில் இது நல்லதுதான். உங்கள் கணவர் தேடிய மார்க் நூலுக்கு அடியில்தான் இருந்திருக்கிறது. இப்போது கிடைத்துவிட்டதே" என்றேன்.

சிஞ்ஞோரா என் பக்கம் திரும்பினார். "நூலுக்கு அடியில் இருக்கலாம் என்று அவருக்குத் தெரியாதா, பிள்ளை? முப்பது வருடம் அந்தக் கத்தரிக்கோல் இந்த மேசையில்தான் இருந்தது. யாரோ ஒரு தாயோ மனைவியோ சுற்றிய நூல் என்று வெட்டாமல் விட்டார். தெரிந்துகொள்ளாமல் இருப்பதையே அவர் தேர்ந்துகொண்டார்."

எலுமிச்சம்பழக் காந்தத்தை எடுத்துப்போய்க் குளிர்சாதனப் பெட்டியில் திரும்ப ஒட்டிவிட்டு வந்தேன்.

சிஞ்ஞோரா சுருள் நூலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒரு குழந்தை கேட்பதுபோல, மெல்லக் கேட்டார்: "என்ன எழுத்து?"

வாசித்துச் சொன்னேன். ஏட்டின் கடைசிப் பக்கங்களில் எந்த எழுத்து எந்தப் பட்டறை என்று ஒரு பட்டியல் இருந்தது. அவ்வொகாத்தோ விரலை ஓட்டிக் கண்டுபிடித்தார். ஏதோவொரு சிறு நகரத்தில், தகப்பனும் இரண்டு மகன்களும் நடத்திய பட்டறை. சிஞ்ஞோரா அந்தப் பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தார். அவர் முகத்தில் வந்தது சிரிப்பா, வேறேதுமா என்று என்னால் சொல்ல முடியாது. கத்தரிக்கோலைக் கேட்டார், என் சீலைக்கரைத் தையலை அவிழ்க்கச் சொன்னார், பழைய நூலை ஒரு சின்ன உறையில் போட்டுச் சிலுவையோடு வைக்கச் சொன்னார்.

திரும்பும்போது அக்கா போர்கோ வெக்கியோ சந்தை வரை எனக்கு முன்னால் நடந்தார். மீன் கடைக்கு முன்னால் நின்றார்.

"புதன்கிழமையே சொல்லியிருந்தா நான் மூண்டு நாள் சோறு திண்டிருப்பன்."

"ஓம் அக்கா."

"உந்த ஓம் அண்டைக்கு எங்கை போனது?"

நான் மீன் தட்டைப் பார்த்தேன்.

"நீ எழும்பி நிண்டு காந்தத்தை ஒட்டிக் கதைச்சதெல்லாம் நல்லாய்த்தான் இருந்தது. ஆனா அது என்னைக் காப்பாத்த இல்லையடி, உன்னைக் காப்பாத்த." ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். "இது பழசு... வாறகிழமை பூசைச் சாமானெல்லாம் நீதான் வந்து மினுக்கவேணும். எல்லாம். என்ரை வீட்டுச் சாமான். விளங்குதோ?"

விளங்கியது. மன்னிப்பு என்பது சிலவேளை அந்த வடிவத்தில்தான் வரும்.

திங்கட்கிழமை அக்கா வட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். சிஞ்ஞோரா சொல்லச் சொல்ல, அவ்வொகாத்தோவின் கையெழுத்தில் அந்த ஏட்டின் பக்கம். மார்க் என்ற இடத்தில், பழைய கோட்டுக்குப் பக்கத்தில், இரண்டு எழுத்தும் ஒரு புள்ளியும். அதற்குக் கீழே இன்னொரு வரி — நாள், "புளி" என்பதற்கான இத்தாலியச் சொல், என் முழுப்பெயர்.

அறுபது பதக்கங்களைச் செய்தவர்களின் பெயர்களெல்லாம் ஏறிய ஏட்டில், இப்போது என் பெயரும் இருக்கிறது. அந்தக் கட்டத்தின் தலைப்பு மட்டும்: சேதங்கள்.